அனுப்பும் முன் ஒரு நிமிடம்: உங்கள் ஆங்கில வாக்கியம் சரியா?

கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர், சில வாரங்களுக்கு முன் தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, சூப்பர்வைசர் வேலைக்கு மனு போடுறேன். இங்கிலீசு சரியா இருக்கான்னு கொஞ்சம் பாரு" என்றார். கடிதத்தில் எட்டே வரிகள். கைப்பேசி எந்த வரியின் கீழும் கோடு போட்டுக் காட்டவில்லை. ஆனால், இரண்டாம் வரி இப்படி இருந்தது: "ஐ வொர்க்ட் இன் திஸ் ஃபேக்டரி ஃபார் 12 இயர்ஸ்."

தனியாகப் பார்த்தால் அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் படிப்பவருக்கு அது தரும் பொருள், "இங்கே 12 ஆண்டுகள் வேலை செய்தேன், இப்போது செய்யவில்லை" என்பது. அந்த அக்கா இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். பதவி உயர்வுக்கு அவர் கையில் இருக்கும் ஒரே பலம் அந்த 12 ஆண்டுகள்தான். அதையே அவருடைய வாக்கியம் முடிந்துபோன கதையாக ஆக்கிவிட்டது.

முன்பு தோட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டுமென்றால் கிராணியாரைத் தேடிப் போவார்கள். இன்று மின்னஞ்சலும் புலனமும் நம் கையிலேயே இருக்கின்றன. எழுதுவதும் நாமே, அனுப்புவதும் நாமே. சரிபார்ப்பதும் நம் வேலையாகிவிட்டது.

இதற்குப் புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த எழுவாய், பயனிலை, காலம், ஒருமை பன்மை, வேற்றுமை ஆகியவை நினைவிருந்தால் போதும். அதே கேள்விகளை ஆங்கில வாக்கியத்திடமும் கேட்கலாம். அவற்றை ஆறு படிகளாகக் கீழே தருகிறோம். ஆங்கில வாக்கியங்களை ஒலிக்கும் விதத்திலேயே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

முதல் படி: பயனிலை இருக்கிறதா?

"என் அப்பா பால்மரத் தொழிலாளி." தமிழில் இது முழு வாக்கியம். வினைச்சொல் இல்லை, "தொழிலாளி" என்ற பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்கிறது. இதைப் பெயர்ப் பயனிலை என்று படித்திருப்போம். மலாய் மொழியிலும் அப்படித்தான்: "பாபா சாயா பெனோரே கெத்தா." அங்கேயும் வினை தேவையில்லை.

ஆங்கிலம் இதை ஏற்காது. முழு வாக்கியம் என்றால் அதில் ஒரு வினை இருக்க வேண்டும். "மை ஃபாதர் எ ரப்பர் டேப்பர்" என்பது தவறு. "மை ஃபாதர் இஸ் எ ரப்பர் டேப்பர்" என்பது சரி. நமக்குத் தெரிந்த இரண்டு மொழிகளுமே "இஸ்" கேட்பதில்லை என்பதால், அந்தச் சின்னச் சொல் நம் கையிலிருந்து எளிதில் நழுவிவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "இஸ், ஆம், ஆர்" விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் தேவையில்லாத இடத்திலும் போட்டுவிடுகிறோம். "ஐ ஆம் அக்ரீ" தவறு. "ஐ அக்ரீ" சரி. "அக்ரீ" என்பதே வினை. அதற்குத் துணை வேண்டாம்.

இரண்டாம் படி: அந்த வினைக்கு உரியவர் யார்?

தமிழில் வினையின் வாலைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்று ஒவ்வொன்றும் வேறு. "அவன் போகிறேன்" என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ஆங்கிலத்திலும் பழங்காலத்தில் இப்படிப் பல விகுதிகள் இருந்தன. இன்று நிகழ்கால வினையில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது: படர்க்கை ஒருமைக்கு வரும் "ஸ்". ஆகவே "ஹி கோ" தவறு, "ஹி கோஸ்" சரி. "ஷி டோன்ட் நோ" தவறு, "ஷி டஸன்ட் நோ" சரி.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், பெயர்ச்சொல்லில் "ஸ்" வந்தால் பன்மை, வினைச்சொல்லில் வந்தால் ஒருமை. "த மெஷின் ஸ்டாப்ஸ்" என்றால் ஓர் இயந்திரம் நிற்கிறது. "த மெஷின்ஸ் ஸ்டாப்" என்றால் பல நிற்கின்றன. இரண்டிலும் "ஸ்" இருந்தாலோ, இரண்டிலும் இல்லாவிட்டாலோ அந்த இடத்தை மீண்டும் பாருங்கள். "சில்ட்ரன்" போல "ஸ்" இல்லாமலே பன்மையாகும் சொற்களும், "ஐ, யு, வி" போன்ற சொற்களும் இதற்கு விலக்கு.

பலர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. "தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது" என்று தமிழில் எழுதும்போது நமக்குச் சந்தேகமே வராது. இணைக்கப்பட்டது பட்டியல், தொழிலாளர்கள் அல்லர். தமிழில் எழுவாய் வினைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் முன்னே போய்விடும். இடையில் வேறு சொற்கள் புகுந்துகொள்ளும். "த லிஸ்ட் ஆஃப் வொர்க்கர்ஸ்" என்று எழுதியதும், கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் "வொர்க்கர்ஸ்" என்ற பன்மை நம்மை ஏமாற்றி "ஆர்" என்று எழுத வைக்கிறது. சரியானது "த லிஸ்ட் ஆஃப் வொர்க்கர்ஸ் இஸ் அட்டாச்ட்."

சந்தேகம் வந்தால் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "பட்டியல் இருக்கிறது" என்று வாய் சொன்னால் "இஸ்". "ஆவணங்கள் இருக்கின்றன" என்று சொன்னால் "ஆர்".

மூன்றாம் படி: எந்தக் காலம்?

மலாய் வினை காலத்துக்கு ஏற்ப உருமாறுவதில்லை. "சூடா", "அக்கான்" போன்ற சொற்களே காலத்தைக் காட்டிவிடும். தமிழில் வினைக்குள்ளேயே காலம் இருக்கிறது. அதனால் ஆங்கிலத்தின் இறந்தகாலமும் எதிர்காலமும் நமக்குப் பெரிய சிக்கல் அல்ல. சிக்கல் வருவது, முன்பு தொடங்கி இன்றும் நீடிக்கும் செயல்களில்தான்.

"2013இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே மாற்றி "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2013" என்று எழுதிவிடுகிறோம். இது தவறு. "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2013" என்பதே சரி. "சின்ஸ்" தொடங்கிய நேரத்தைச் சொல்லும். "ஃபார்" எவ்வளவு காலம் என்பதைச் சொல்லும். "சின்ஸ் 12 இயர்ஸ்" என்று எழுதக் கூடாது.

மூன்று வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் 12 இயர்ஸ்": வேலை செய்தேன், இப்போது இல்லை.
"ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் 12 இயர்ஸ்": 12 ஆண்டுகளாகச் செய்கிறேன், இன்றும் செய்கிறேன்.
"ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் 12 இயர்ஸ்": அதே பொருளில் எழுதினால் தவறு.

அதே நேரத்தில் "எஸ்டர்டே", "லாஸ்ட் வீக்", "இன் 2019" என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருந்தால் "ஹேவ்" வராது. "ஐ ஹேவ் சென்ட் த ஃபார்ம் எஸ்டர்டே" தவறு. "ஐ சென்ட் த ஃபார்ம் எஸ்டர்டே" சரி.

எதிர்மறையிலும் ஒரு பொறி இருக்கிறது. "ஐ டிட் நாட் ரிசீவ்ட் த லெட்டர்" என்று எழுதுவோர் பலர். தமிழில் "கடிதம் பெறவில்லை" என்கிறோம். "பெற" என்பதில் காலம் இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியே: காலத்தை "டிட்" சுமந்துகொள்கிறது, பின்னால் வரும் வினை வெறுமனே நிற்க வேண்டும். "ஐ டிட் நாட் ரிசீவ் த லெட்டர்" என்பதே சரி.

நான்காம் படி: ஒன்றா, பலவா?

"பத்து மாடு வந்தது" என்று பேச்சில் சொல்கிறோம். அஃறிணைப் பெயரில் "கள்" சேர்ப்பது தமிழில் கட்டாயமில்லை. இத்தகைய சொற்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணம் சொல்லும். மலாயிலும் "டுவா தாஹுன்" என்றால் போதும்; எண் வந்தபின் சொல்லை இரட்டிக்க வேண்டாம். ஆனால் ஆங்கிலத்தில் எண் ஒன்றைத் தாண்டினால், எண்ணக்கூடிய பொருளுக்குப் பன்மை கட்டாயம். "12 இயர்" அல்ல, "12 இயர்ஸ்". ஆனால் அதே தொடர் பெயருக்கு முன் அடைமொழியாக வந்தால் "ஸ்" போய்விடும்: "எ 12-இயர் லோன்".

"என் மகன்களில் ஒருவன்" என்று தமிழில் பன்மையில் சொல்கிறோம் அல்லவா? ஆங்கிலத்திலும் "ஒன் ஆஃப் மை சன்ஸ்" என்றே வர வேண்டும். "ஒன் ஆஃப் மை சன்" தவறு.

"தண்ணீர்கள்" என்று நாம் சொல்வதில்லை. அதுபோல ஆங்கிலத்தில் பன்மை ஏற்காத சொற்கள் சில உண்டு. "இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், அட்வைஸ், லக்கேஜ்" ஆகிய ஐந்தும் நம் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி "ஸ்" ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒட்டக் கூடாது. "த்ரீ ஸ்டாஃப்ஸ்" என்பதற்கும் "த்ரீ மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்" என்று எழுதுவதே நல்லது.

ஒருமைச் சொல்லுக்கு முன் வரும் "எ", "ஆன்" பற்றி ஒரு குறுக்கு வழி. இது எழுத்தைப் பார்த்து வருவதல்ல, ஒலியைக் கேட்டு வருவது. அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் "ஆன்", இல்லாவிட்டால் "எ". எஸ்பிஎம் "எ" என்ற உயிரில் தொடங்குகிறது, ஆகவே "ஆன் எஸ்பிஎம் சர்ட்டிஃபிகேட்". மருத்துவ விடுப்புக்கு நாம் சொல்லும் எம்சியும் அப்படியே: "ஆன் எம்சி". யுனிவர்சிட்டி "யு" என்ற உயிர்மெய்யில் தொடங்குகிறது, ஆகவே "எ யுனிவர்சிட்டி". ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் எழுத்தில் எச் இருந்தாலும் ஒலியில் இல்லை. அதனால் "ஆன்" தான்.

ஐந்தாம் படி: உருபு சரியான இடத்தில் இருக்கிறதா?

தமிழில் ஐ, ஆல், கு, இல் போன்ற வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் "இன், ஆன், டு, வித்" போன்றவை பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். எந்த வினைக்கு எது வரும் என்பதைத் தமிழை வைத்து ஊகித்தால் தவறு நேரும்.

"சம்பளத்தைப் பற்றி விவாதித்தோம்" என்பதை நினைத்து "டிஸ்கஸ்ட் அபௌட் த சாலரி" என்று எழுதுகிறோம். "பற்றி" என்பது "டிஸ்கஸ்" என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "வி டிஸ்கஸ்ட் த சாலரி" போதும். "ப்ளீஸ் கான்டாக்ட் வித் மீ" வேண்டாம். "ப்ளீஸ் கான்டாக்ட் மீ" சரி. "மேரீட் வித்" அல்ல, "மேரீட் டு". கடிதத்தின் கடைசி வரியில் எல்லாரும் எழுதும் "லுக்கிங் ஃபார்வர்ட் டு" என்பதன் பின் "ஹியர்" வராது. "ஹியரிங் ஃப்ரம் யு" என்று வரும்.

"ஐ", "மீ" குழப்பத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. "ப்ளீஸ் இன்ஃபார்ம் மை சூப்பர்வைசர் அண்ட் ஐ" என்பது சரியா? நடுவில் உள்ள ஆளை எடுத்துவிடுங்கள். "ப்ளீஸ் இன்ஃபார்ம் ஐ" என்று காதுக்கே ஒவ்வவில்லை. "இன்ஃபார்ம் மீ" என்றுதான் சொல்வோம். ஆகவே "மை சூப்பர்வைசர் அண்ட் மீ". தமிழில் "நான்" வரும் இடம் "ஐ". "என்னை, எனக்கு" வரும் இடம் பெரும்பாலும் "மீ".

ஆறாம் படி: வாக்கியம் முடிந்ததா?

"வந்து, பார்த்து, கேட்டு, திரும்பினேன்" என்று எச்சங்களை அடுக்கி, கடைசியில் ஒரு முற்றை வைத்துத் தமிழில் நீண்ட வாக்கியம் அமைக்கலாம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் காற்புள்ளி போட்டுக்கொண்டே போகிறோம். "ஐ வென்ட் டு தி ஆபீஸ், நோபடி வாஸ் தேர், ஐ கேம் பேக்" என்பது மூன்று வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் கட்டியது. முற்றுப்புள்ளி வைத்துப் பிரியுங்கள், அல்லது "அண்ட்", "பட்", "ஸோ" கொண்டு இணையுங்கள்.

"ஏனெனில் அம்மாவுக்கு உடல்நலமில்லை" என்று தமிழில் தனி வாக்கியம் எழுதலாம். ஆங்கிலக் கடிதத்தில் "பிகாஸ் மை மதர் வாஸ் சிக்" என்பதை மட்டும் தனியே நிறுத்தாதீர்கள். முன் வாக்கியத்தோடு சேர்த்துவிடுங்கள். "ஆல்தோ" என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் "பட்" வேண்டாம். இரண்டில் ஒன்று போதும்.

கருவி என்ன செய்யும், என்ன செய்யாது?

கணினியில் வேர்ட் மென்பொருள் சொற்பிழைக்குச் சிவப்புக் கோடும் இலக்கணத்துக்கு நீலக் கோடும் போடுகிறது. கிராமர்லி போன்ற கருவிகளும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. விட்டுப்போன "இஸ்", தவறிய "ஸ்" போன்றவற்றை இவை நன்றாகவே பிடிக்கும். பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

ஆனால் இவற்றுக்குத் தெரியாதது ஒன்று உண்டு: உண்மையில் என்ன நடந்தது என்பது. நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்களா, விட்டுவிட்டீர்களா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? "ஃபார்ம்" என்று எழுத நினைத்து எழுத்து இடம் மாறி "ஃப்ரம்" ஆகிவிட்டால், இரண்டுமே ஆங்கிலச் சொற்கள் என்பதால் வெறும் சொற்பிழை திருத்தி அதை விட்டுவிடும்.

நுண்ணறிவு உரையாடியிடம் "திருத்திக் கொடு" என்று மட்டும் கேட்டால், முழுக் கடிதத்தையும் மாற்றி எழுதிவிடக்கூடும். நீங்கள் சொல்லாததையும் சேர்த்துவிடலாம். நேர்காணலில் அந்தக் கடிதத்தை வைத்துக் கேள்வி கேட்டால் பதில் சொல்லப் போவது நீங்கள்தான். "பிழைகளை மட்டும் காட்டு, காரணம் சொல், வேறு எதையும் மாற்றாதே" என்று கேளுங்கள். அடையாள அட்டை எண், சம்பளம், முகவரி ஆகியவற்றை எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

ஒரு சொல்லில் சந்தேகம் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் கற்போர் அகராதிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஒரு பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா இல்லையா என்பதையும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் அவை எடுத்துக்காட்டுடன் சொல்லும்.

பிழை அல்லாதவை

ஆங்கிலத்துக்கு நன்னூல் போல எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு நூலோ, பிரெஞ்சு மொழிக்கு 1635 முதல் இருப்பது போன்ற ஒரு கழகமோ இல்லை. நல்ல எழுத்தாளர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்தே அகராதிகளும் இலக்கண நூல்களும் பதிவு செய்கின்றன. "வாக்கியத்தை இன், ஆன், டு என்று முடிக்காதே" என்பது 17ஆம் நூற்றாண்டில் கவிஞர் ஜான் டிரைடன் குறையாகச் சொன்ன ஒன்று. இன்றைய இலக்கண நூல்கள் அதைப் பிழையாகக் கொள்வதில்லை. "பட்" என்று வாக்கியத்தைத் தொடங்கினாலும் குற்றமில்லை.

"லேபர்" என்ற சொல்லில் யு எழுத்து இருந்தால் பிரிட்டிஷ் முறை, இல்லாவிட்டால் அமெரிக்க முறை. நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் முறையே பழக்கம். எதை எடுத்தாலும் ஒரு கடிதத்தில் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் "கேன் லா" என்று சொல்வதும் பிழை அல்ல. அது இந்த நாட்டின் பேச்சு. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கப்பட்ட பிறகும் அங்கே சிங்லிஷ் மறைந்துவிடவில்லை. பேச்சு வேறு, கடிதம் வேறு. தமிழிலும் நாம் பேசுவதுபோல் மனு எழுதுவதில்லையே.

அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஒவ்வொரு வாக்கியத்திலும் வினை இருக்கிறதா?
2. அந்த வினைக்கு உரியவர் யார்? ஒருமையா, பன்மையா?
3. நடந்து முடிந்ததா, இன்னும் நடக்கிறதா?
4. எண்ணுக்குப் பின் "ஸ்" இருக்கிறதா? வேண்டாத இடத்தில் ஒட்டியிருக்கிறதா?
5. "இன், ஆன், டு, அபௌட்" தேவையான இடத்தில் மட்டும் இருக்கின்றனவா?
6. முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருக்கிறதா?

இவற்றைப் பார்த்து முடித்ததும் கடிதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொல்ல நினைத்ததும் அதுவும் ஒன்றாக இருந்தால் அனுப்பலாம்.

அந்த அக்காவிடமும் இதைத்தான் செய்யச் சொன்னேன். இரண்டாம் வரியைத் தமிழில் சொல்லிப் பார்த்தவர், "அய்யோ, வேலையை விட்டுட்ட மாதிரியில்ல இருக்கு" என்று சிரித்தார். பிறகு கைப்பேசியை வாங்கி, அவரே அந்த இடத்தில் "ஹேவ்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்.